எளிய செலவில் பழைய குரோனோகிராஃப் கைக்கடிகாரம் வாங்குதல்

குரோனோகிராஃப் என்பது மணி காட்டுவதோடு, நிறுத்துக் கடிகாரமாகவும் (ஸ்டாப்வாட்ச்) பயன்படும் கைக்கடிகாரம் ஆகும். கூட்டின் வலப்பக்கத்தில் சாவிக் குமிழுக்கு மேலும் கீழும் இரண்டு பொத்தான்களும், முகப்பில் சிறு வட்டங்களும் இருப்பது இதன் அடையாளம். 1940 முதல் 1980 வரையிலான காலத்தில் செய்யப்பட்ட இயந்திர வகைக் குரோனோகிராஃப்களைச் சேகரிப்போர் உலகெங்கும் உள்ளனர். புகழ்பெற்ற சில பெயர்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டாலும், அவற்றுக்கு நிகரான பொறி கொண்ட பல கடிகாரங்கள் இன்றும் எளிய வருவாய் உள்ளவர் வாங்கக்கூடிய விலையில் கிடைக்கின்றன. அவற்றை ஏமாறாமல் வாங்குவதற்குத் தேவையான அடிப்படைச் செய்திகளை இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் தோற்றமும்

கிரேக்க மொழியில் ‘குரோனோஸ்’ என்றால் காலம். ‘கிராஃபைன்’ என்றால் எழுதுதல். காலத்தை எழுதும் கருவி என்பதே இச்சொல்லின் பொருள். இப்பெயர் வெறும் உவமை அன்று. 1821இல் பிரான்சு நாட்டுக் கடிகாரக் கலைஞர் நிக்கோலா ரியூசெக் பாரிசில் நடந்த குதிரைப் பந்தயத்தில் பயன்படுத்திய கருவி, குதிரை எல்லைக்கோட்டைத் தாண்டும் நேரத்தில் முகப்பின்மீது ஒரு மைப்புள்ளியை இட்டது. அதற்கு முன்பே, 1816இல், லூயி முவானே விண்மீன்களை ஆராய்வதற்காக ஒரு நுண்கால அளவியைச் செய்து முடித்திருந்தார்.

கைக்கடிகார அளவுக்கு இது சுருங்கியது 20ஆம் நூற்றாண்டில்தான். லாஞ்சின்ஸ் நிறுவனத்தின் 13.33இசட் என்னும் பொறி 1913இல் வந்தது. தொடக்கத்தில் தொடங்குதல், நிறுத்துதல், சுழிக்குக் கொண்டுவருதல் ஆகிய மூன்றுக்கும் ஒரே பொத்தான்தான் இருந்தது. 1934இல் பிரைட்லிங் நிறுவனம் சுழியாக்குவதற்கு இரண்டாவது பொத்தானை அமைத்தது. இன்று காணப்படும் இரு பொத்தான் வடிவம் அப்போது உருவானதே. 1969இல் தானாகச் சாவி ஏறும் குரோனோகிராஃப்கள் வெளிவந்தன. சுவிட்சர்லாந்தின் ஜெனித் நிறுவனம், ஹாயர்–பிரைட்லிங் கூட்டணி, ஜப்பானின் சீகோ ஆகிய மூன்றும் அதே ஆண்டில் இதைச் செய்துகாட்டின. அதே ஆண்டு திசம்பரில் சீகோ வெளியிட்ட குவார்ட்சு கைக்கடிகாரம், இயந்திரக் கடிகாரத் தொழிலின் சரிவுக்கும் வழிவகுத்தது.

எவ்வாறு இயங்குகிறது?

குரோனோகிராஃப் ஒன்றில் இரண்டு பொறிகள் இருப்பதாகக் கருதலாம். ஒன்று, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சாதாரணக் கடிகாரம். மற்றொன்று, தேவைப்படும்போது மட்டும் அதனுடன் இணையும் அளவுப் பொறி. மேல் பொத்தானை அழுத்தினால் இரண்டும் இணைந்து, நடுவில் உள்ள நீண்ட நொடிமுள் ஓடத் தொடங்கும். மீண்டும் அழுத்தினால் இணைப்பு விலகி முள் நிற்கும். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் முள் 12 மணி நிலைக்குத் திரும்பும்.

முள் எந்த இடத்தில் நின்றாலும் அது சரியாக 12க்கு எப்படித் திரும்புகிறது? முள்ளின் அச்சில் இதய வடிவில் ஒரு சிறு தகடு உள்ளது. கீழ்ப் பொத்தானை அழுத்தும்போது ஒரு நெம்புகோல் சுத்தியல்போல் அத்தகட்டின் விளிம்பில் மோதுகிறது. இதய வடிவத்தின் சரிவு காரணமாகத் தகடு சுழன்று, அதன் தாழ்ந்த பகுதி நெம்புகோலுக்கு நேராக வந்து நிற்கிறது. அடோல்ஃப் நிக்கோல் என்பவர் 1844இல் காப்புரிமை பெற்ற இம்முறையே இன்றளவும் பயன்படுகிறது.

இந்த அசைவுகளைக் கட்டுப்படுத்த இரு முறைகள் உண்டு. ஒன்று, கோட்டைக் கொத்தளம்போல் தூண்கள் நிற்கும் தூண் சக்கரம். மற்றொன்று, மேடுபள்ளமான விளிம்பு கொண்ட கேம் தகடு. தூண் சக்கரம் செய்வதற்குக் கடினமானது. அதனால் விலை கூடியது. கேம் தகட்டை அச்சில் வெட்டி எடுக்கலாம், அதனால் மலிவானது. துல்லியத்தில் கேம் முறை தாழ்ந்தது என்று எண்ண வேண்டியதில்லை. பொத்தானை அழுத்த விரலுக்குச் சற்றுக் கூடுதல் விசை தேவைப்படும் என்பதே கைக்குத் தெரியும் வேறுபாடு.

முகப்பில் உள்ள அளவுகோல்கள்

முகப்பின் ஓரத்தில் பெரும்பாலும் ஓர் அளவுகோல் அச்சிடப்பட்டிருக்கும்.

வேக அளவுகோல் (டாக்கிமீட்டர்): ஒரு கிலோமீட்டரைக் கடக்க எடுத்த நொடிகளால் 3,600ஐ வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். 30 நொடி ஆனால் முள் 120ஐக் காட்டும்.

தொலைவு அளவுகோல் (டெலிமீட்டர்): மின்னல் தெரிந்ததும் தொடங்கி, இடி கேட்டதும் நிறுத்த வேண்டும். காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், மூன்று நொடி என்றால் இடி விழுந்த இடம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

நாடி அளவுகோல் (பல்சோமீட்டர்): மருத்துவர்களுக்கானது. 30 துடிப்புகளை எண்ணி நிறுத்தினால், நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பதை முள் நேரடியாகக் காட்டும். 30 துடிப்புக்கு 24 நொடி ஆகியிருந்தால் விடை 75.

விலை எதனால் ஏறுகிறது?

2017 அக்டோபரில் நடிகர் பால் நியூமன் அணிந்திருந்த ரோலக்ஸ் டேடோனா நியூயார்க் ஏலத்தில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. அந்த விலை பெயருக்கும் வரலாற்றுக்கும் தரப்பட்டது. உள்ளே இருந்த பொறியின் அடிப்படை, வால்ஜூ நிறுவனம் செய்த 72ஆம் எண் பொறி. அதே பொறியைப் பெயர் தெரியாத பல நிறுவனங்களும் வாங்கிப் பயன்படுத்தின.

இதற்குக் காரணம் அன்றைய சுவிஸ் தொழில்முறை. லேண்டரான், வீனஸ், வால்ஜூ, லெமேனியா போன்ற சில நிறுவனங்கள் மட்டுமே குரோனோகிராஃப் பொறிகளைச் செய்தன. நூற்றுக்கணக்கான சிறு நிறுவனங்கள் அவற்றை வாங்கி, கூடும் முகப்பும் பொருத்தித் தம் பெயரை அச்சிட்டு விற்றன. வால்ஜூ 7730 பொறி பிரைட்லிங்கின் ‘டாப் டைம்’ வகைகள் சிலவற்றிலும் உண்டு. இன்று யாரும் அறியாத பெயர்களைத் தாங்கிய கடிகாரங்களிலும் உண்டு. பழுது வந்தால் இரண்டுக்கும் ஒரே உதிரி பாகம்தான்.

ஆகவே குறைந்த பணத்துடன் வாங்க வருபவர் முகப்பில் உள்ள பெயருக்கு முன் உள்ளே உள்ள பொறியைக் (கடைக்காரர் பேச்சில் ‘மெஷின்’) கவனிக்க வேண்டும். அந்தப் பொறி என்ன எண், அதற்குப் பாகங்கள் கிடைக்குமா, அது இப்போது எந்த நிலையில் உள்ளது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே விலை பேச வேண்டும்.

குறைந்த செலவில் கிடைக்கும் வகைகள்

1. லேண்டரான் 48

கேம் தகட்டு முறையில் பெருமளவில் செய்யப்பட்ட முதல் குரோனோகிராஃப் பொறிக் குடும்பம் இது. 1937இல் தொடங்கி 1970 வரை பல லட்சக்கணக்கில் செய்யப்பட்டதால், பாகங்களுக்காகவே விற்கப்படும் பழைய பொறிகளும் கிடைக்கின்றன. கையால் சாவி கொடுக்க வேண்டும். இதில் ஒரு தனித்தன்மை உண்டு. மேல் பொத்தான் தொடங்குவதற்கு மட்டுமே. கீழ்ப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் முள் நிற்கும். மறுமுறை அழுத்தினால் சுழிக்குத் திரும்பும். இதை அறியாதவர்கள், ‘மேல் பொத்தான் நிறுத்தவில்லை’ என்று நல்ல கடிகாரத்தைப் பழுதானதாகக் கருதுவதுண்டு.

‘குரோனோகிராஃப் சுவிஸ்’ என்று மட்டும் அச்சிட்ட, தங்க நிறமான பெரிய கடிகாரங்களில் இப்பொறி அடிக்கடி காணப்படும். அது நிறுவனத்தின் பெயர் அன்று. 18 கேரட் முத்திரை இருந்தாலும் தங்கத் தகடு மிக மெல்லியதாக இருக்கலாம் என்பதால், கனமான தங்கத்தின் விலையை எதிர்பார்த்து வாங்கக்கூடாது.

2. வால்ஜூ 7730, 7733, 7734

வீனஸ் நிறுவனத்தை வால்ஜூ 1966இல் எடுத்துக்கொண்டபோது, வீனஸ் 188 பொறி 7730 என்று பெயர் மாறியது. பின்னர் அதுவே திருத்தப்பட்டு 7733 ஆனது. தேதி காட்டும் வகை 7734. எளிமையான அமைப்பு கொண்டவை. பழகிய பழுதுநீக்குநர் அச்சமின்றிக் கையாளக்கூடியவை. 1970களின் பெயர் தெரியாத சுவிஸ் கடிகாரங்களில் இவற்றைத் தேடலாம்.

3. சீகோ 6139

1969இல் வெளிவந்த, தானாகச் சாவி ஏறும் பொறி. தூண் சக்கரமும், பற்கள் மோதாமல் தட்டுகள் அழுந்தி இணையும் செங்குத்து இணைப்பும் கொண்டது. அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக், 1973 நவம்பர் முதல் 84 நாள் நீடித்த ஸ்கைலாப் பயணத்தில் மஞ்சள் முகப்புள்ள தம் சொந்த 6139 கடிகாரத்தை அணிந்திருந்தார். அதனால் அந்த வகை இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது, விலையும் கூடியுள்ளது. அதே பொறி கொண்ட வேறு நிறங்களும் வடிவங்களும் ஒப்பீட்டளவில் மலிவானவை.

இதில் தனி நொடிமுள் இல்லை. குரோனோகிராஃபை நிறுத்திவிட்டால் கடிகாரம் ஓடுகிறதா என்பதை நிமிடமுள்ளின் நகர்வால்தான் அறிய முடியும். பின்மூடியில் உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டையும், இரண்டாவது மாதத்தையும் குறிக்கும். அக்டோபருக்கு 0, நவம்பருக்கு என், திசம்பருக்கு டி என்ற ஆங்கில எழுத்துகள். 33 என்று தொடங்கினால் 1973 மார்ச். இப்பொறி 1970களின் இறுதி வரை செய்யப்பட்டதால் 9 என்ற இலக்கம் 1969ஐயோ 1979ஐயோ குறிக்கலாம்.

4. போல்யோட் 3133

மாஸ்கோவின் முதல் கடிகாரத் தொழிற்சாலை, வால்ஜூ 7734ஐ அடிப்படையாகக் கொண்டு 1970களின் நடுவில் செய்யத் தொடங்கியது. கல் எண்ணிக்கை 17இலிருந்து 23 ஆகவும், துடிப்பு மணிக்கு 18,000இலிருந்து 21,600 ஆகவும் உயர்த்தப்பட்டது. கடற்படைக்கான ‘ஒக்கியான்’, விமானப்படைக்கான ‘ஷ்துர்மான்ஸ்கி’ வகைகளில் இது இருந்தது. சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்ததால் எண்ணிக்கை மிகுதி. ஆனால் விமானமும் செங்கொடியும் விண்கலமும் வரைந்த முகப்புகள் பிற்காலத்தில் ஏராளமாக அச்சிடப்பட்டன. படம் எவ்வளவு கவர்ச்சியாக உள்ளதோ அவ்வளவு ஐயம் கொள்வது நல்லது.

5. மின்கலத்தில் இயங்கும் ஒரு வகை

1983இல் வந்த சீகோ 7ஏ28, முள் வகையில் அமைந்த தொடக்ககாலக் குவார்ட்சு குரோனோகிராஃப். உள்ளே உலோகப் பாகங்களும் 15 கற்களும் உள்ளன. பிரித்துப் பழுதுபார்க்க முடியும். இயந்திரக் கடிகாரத்துக்கான பராமரிப்புச் செலவைத் தாங்க இயலாத மாணவர்களுக்கு இது ஏற்றது.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனைகள்

நேரில் வாங்கினால் கையில் எடுத்தும், தொலைவிலிருந்து வாங்கினால் விற்பவரிடம் காணொளி கேட்டும் பின்வருவனவற்றைச் சரிபார்க்க வேண்டும்.

• சாவி கொடுத்து, குரோனோகிராஃபைத் தொடங்கி 30 நிமிடம் ஓடவிட வேண்டும். நொடிமுள் ஒரு சுற்று முடித்ததும் நிமிட வட்டத்தின் முள் ஒரு கோடு நகர வேண்டும். சில நிமிடங்களில் முழுக் கடிகாரமுமே நின்றுவிட்டால், எண்ணெய் காய்ந்துவிட்டது அல்லது பாகம் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

• சுழியாக்கும்போது முள் ஒவ்வொரு முறையும் 12க்கு நேராக நிற்க வேண்டும். ஐந்தாறு முறை செய்து பார்க்க வேண்டும். ஒரே அளவு விலகி நின்றால் முள்ளைக் கழற்றிப் பொருத்தினால் போதும். ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நின்றால் உள்ளே பழுது.

• தொடங்கும்போது நொடிமுள் சற்றுத் துள்ளுவது, பற்கள் பக்கவாட்டில் இணையும் பழைய சுவிஸ் வகைகளில் இயல்பு. அது குறை அன்று.

• பின்மூடியைத் திறந்து எடுத்த படம் கட்டாயம் வேண்டும். பொறியின் எண் சமநிலைச் சக்கரத்தின் அருகே பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். துருக்கறை, சிதைந்த திருகுத் தலைகள், காலியாக உள்ள திருகுத் துளைகள் ஆகியவை தவிர்க்க வேண்டிய அடையாளங்கள். படம் தர மறுப்பவரிடம் வாங்கக்கூடாது.

• கூட்டின் ஓரங்களைப் பார்க்க வேண்டும். பூச்சு தேய்ந்து பித்தளை தெரிந்தால் அதைத் திரும்பப் பெறுவது செலவுமிக்கது. பிளாஸ்டிக் கண்ணாடியில் உள்ள கீறலோ மெருகிட்டு நீக்கக்கூடியது. அதைக் காட்டி விலையைக் குறைக்கவும் கேட்கலாம்.

மறுமுகப்பும் கலவைக் கடிகாரமும்

பழைய கடிகார விற்பனையில் பெரிதும் காணப்படும் ஏமாற்று இரண்டு வகை. முதலாவது, மங்கிய முகப்பை அழித்துப் புதிதாக அச்சிடுதல். இந்தியாவில் பழைய எச்.எம்.டி., ஃபேவர் லூபா கடிகாரங்களுக்கு இவ்வாறு செய்து விற்பது பரவலாக உள்ளது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இத்தகைய கடிகாரங்களுக்கு மும்பையின் பெயரையே அடைமொழியாக்கிவிட்டனர். எழுத்து ஓரங்கள் தடித்திருத்தல், நொடிக் கோடுகள் சிறு வட்டத்தின் விளிம்பில் ஏறியிருத்தல், 50 ஆண்டுப் பொருளில் ஒரு புள்ளிகூட இல்லாத பளபளப்பு ஆகியவை மறுஅச்சைக் காட்டிக்கொடுக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று உடன் இருந்தால் போதும்.

இரண்டாவது, பல கடிகாரங்களின் பாகங்களைச் சேர்த்து ஒன்றாக்குதல். முள்ளில் உள்ள ஒளிரும் பூச்சு வெண்மையாகவும், முகப்பில் உள்ளது பழுப்பாகவும் இருந்தால் ஒன்று மாற்றப்பட்டிருக்கலாம். சீகோவில் பின்மூடியில் உள்ள எண்ணின் முதல் நான்கு இலக்கம் பொறியையும், அடுத்த நான்கு கூட்டையும் குறிக்கும். அந்தக் கூட்டுக்கு உரிய முகப்பு எது என்பதைப் பழைய விற்பனைப் பட்டியல்களுடன் ஒப்பிடலாம்.

மாற்றுப் பாகம் இருப்பதே குற்றம் ஆகாது. அதை மறைத்து, முழு அசல் என்று சொல்லி விலை கேட்பதே குற்றம். மாற்றத்தை ஒளிக்காமல் சொல்லி விலை குறைத்துத் தருபவரிடம் வாங்குவது, பெட்டியும் கதையும் சேர்த்து விற்பவரிடம் வாங்குவதைவிடப் பாதுகாப்பானது.

செலவுக் கணக்கு

வாங்கும் விலை முழுச் செலவு அன்று. கடைசியாக எப்போது சர்வீஸ் செய்யப்பட்டது என்பதற்கு ரசீது இல்லாவிட்டால், சர்வீஸ் செய்யப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். குரோனோகிராஃபைப் பிரித்துக் கழுவி எண்ணெயிட்டுப் பூட்டுவது சாதாரணக் கடிகாரத்தைவிட இருமடங்கு வேலை.

எடுத்துக்காட்டாக, ஒருவரிடம் 30,000 ரூபாய் உள்ளது எனக் கொள்வோம். முதல் கடிகாரம் 24,000 ரூபாய். சர்வீஸ் விவரம் தெரியாது. இரண்டாவது 29,000 ரூபாய். ஓராண்டுக்கு முன் செய்த சர்வீஸ் ரசீது உள்ளது. சர்வீசுக்கு 9,000 ரூபாய் என்றால், மலிவாகத் தோன்றிய முதல் கடிகாரத்தின் உண்மை விலை 33,000 ரூபாய். இரண்டாவதே மலிவு. பொதுவாக, கையில் உள்ள தொகையில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்துவிட்டு, எஞ்சிய இரண்டு பங்குக்குள் கடிகாரம் தேடுவது நல்லது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் அஞ்சல் செலவும் சுங்க வரியும் அந்த இரண்டு பங்குக்குள் அடங்க வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன்பே, உள்ளூரில் குரோனோகிராஃப் பார்க்கத் தெரிந்த பழுதுநீக்குநர் இருக்கிறாரா என்று கேட்டறிய வேண்டும். பொறியின் எண்ணைச் சொன்னதும், அவர் தயங்கினால் வேறு எண்ணைத் தேடுவதே அறிவுடைமை. கடன் வாங்கியோ, விலை ஏறும் என்று நம்பியோ பழைய கடிகாரம் வாங்குதல் கூடாது. பெயர் தெரியாத கடிகாரங்களை வாங்குவது எளிது, விற்பது எளிதன்று.

ரேடியம் பற்றிய எச்சரிக்கை

1960களின் தொடக்கம் வரை, இருளில் ஒளிர்வதற்காக முகப்பிலும் முட்களிலும் ரேடியம் கலந்த பூச்சு பயன்பட்டது. ஒளிர்வு நின்றுபோயிருந்தாலும் கதிரியக்கம் நிற்பதில்லை; ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். மூடிய கடிகாரத்தைவிட, உதிரும் பூச்சுத் தூளை மூச்சில் இழுப்பதே பெரிய ஆபத்து. எனவே அத்தகைய கடிகாரத்தை வீட்டில் திறக்கவோ, பூச்சைச் சுரண்டவோ கூடாது. பழுதுநீக்குநரிடம் கொடுக்கும்போதும் இதைச் சொல்ல வேண்டும். பின்னர் வந்த டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12 ஆண்டுகளுக்குச் சற்று மேல். முகப்பின் அடியில் ‘சுவிஸ்’ என்ற சொல்லின் இருபுறமும் ஆங்கில ‘டி’ எழுத்து இருந்தால் அது டிரிட்டியம்.

வாங்கிய பின்

பின்மூடியில் நீர் புகாது என்று பொறித்திருந்தாலும், ரப்பர் வளையங்கள் காய்ந்திருக்கும் என்பதால் கைகழுவும்போதும் மழையிலும் கழற்றி வைக்க வேண்டும். கையால் சாவி கொடுக்கும் வகைக்கு நாள்தோறும் ஒரே நேரத்தில், தடை தெரியும் வரை மென்மையாகச் சாவி கொடுக்கலாம். தேதி காட்டும் வகைகளில் இரவு 9 மணி முதல் அதிகாலை 3 மணி வரை தேதியை மாற்றக்கூடாது. அப்போது தேதிச் சக்கரம் பற்களோடு இணைந்திருக்கும். லேண்டரான் 48 தவிர மற்ற இயந்திர வகைகளில் நொடிமுள் ஓடும்போது கீழ்ப் பொத்தானை அழுத்தக்கூடாது. மாதம் ஓரிரு முறையாவது பொத்தான்களை இயக்கினால் எண்ணெய் இறுகாமல் இருக்கும்.

இவ்வாறு பேணப்படும் கடிகாரம் நாளொன்றுக்குச் சில நொடிகளோ, சில வேளை ஒரு நிமிடமோ முன்பின்னாக ஓடலாம். அந்த வயதுக்கு அது இயல்பே. பெயர் புகழ்பெற்றதாக இல்லாவிட்டாலும், பொறி நல்ல நிலையில் இருந்து, பாகமும் பழுதுபார்ப்பவரும் கிடைத்தால், அரை நூற்றாண்டுக்கு முன் செய்த கடிகாரம் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும்.